ஒத்திகையில் விழுங்கிய வரி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என்னைக் கேட்டால் பாதிக் கதைகள் அப்படித்தான் பிறக்கின்றன. எழுதுகிறவர்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். கருணையால் எழுதினேன், சமூக அக்கறையால் எழுதினேன் என்று முன்னுரையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். யாருக்கு யார் மேல் பொறாமை என்பதை ஆறாம் பகுதியில் சொல்கிறேன். அதற்குள் எழுந்து போய்விடாதீர்கள்.

விஷயம் இதுதான். சத்தியவேட்டிலிருந்து ஆறு கிலோமீட்டரில் ஒரு ஊர். அங்கே ஒரு ஜில்லா பரிஷத் ஹைஸ்கூல், அதில் தமிழ் மீடியம். 2011 பிப்ரவரியில் அந்த ஸ்கூலின் ஆண்டு விழா நாடகத்தில் பத்தாம் வகுப்பு யமுனா ஒரு வரி பேச வேண்டியிருந்தது. பேசினாளா இல்லையா என்பதுதான் மொத்தக் கதையும். ஒரு வரிக்கா இவ்வளவு அலட்டல் என்று கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். அந்த வரியை இந்தத் தாளில் எழுதவே எனக்கு மூன்று வாரம் ஆனது.

2

தொடக்கம் ஒன்று: "சித்தூர் ஜில்லாவின் கிழக்கு மூலையில், ஆந்திரம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடத்தில், தாராளமயமாக்கலின் காற்று மெல்ல

சீ. காற்றாம். எங்கள் பக்கத்துக்கு வந்தது காற்று இல்லை, ஜே.சி.பி. ஸ்ரீ சிட்டி என்ற தொழிற்பேட்டை வந்தது, கம்பெனி பஸ் வந்தது, காலையில் ஐந்தரைக்கே பெண்கள் தலைவாரிக்கொண்டு ரோட்டில் நிற்கும் வழக்கம் வந்தது. (அப்போது சித்தூர் ஜில்லா. இப்போது அதே ஊர் திருப்பதி ஜில்லா. ஊர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. போர்டைத்தான் மாற்றினார்கள்.)

தொடக்கம் இரண்டு: "யமுனா அப்படியொன்றும் அழகி இல்லை, ஆனால் அவள் கண்களில்

இதையும் அடித்துவிட்டேன். ஒரு பெண்ணை அறிமுகம் செய்ய உட்கார்ந்தாலே இந்த 'ஆனால்' எங்கிருந்துதான் வந்து முந்திக்கொள்கிறதோ. யமுனா யமுனா மாதிரி இருந்தாள். குரல் மட்டும் கணீரென்று இருக்கும். பிரேயரில் உறுதிமொழி சொல்ல அவளைத்தான் கூப்பிடுவார்கள், மைக்கே வேண்டாம் என்பதால்.

தொடக்கம் மூன்று: "ம்," என்றாள் யமுனா.

இது தேறும்.

3

"ம்," என்றாள் யமுனா.

"ம் இல்லம்மா. வசனம்," என்றார் நாகபூஷணம் சார்.

நாகபூஷணம் சார் தமிழ் வாத்தியார். புத்தூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, ஸ்கூலில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். நாடகத்தை எழுதியவரும் அவர்தான். பெயர் 'நாலு ஏக்கர்'. ஒரு விவசாயி தன்னுடைய நாலு ஏக்கரை ஒரு கம்பெனிக்குக் கொடுக்கிறார். வீட்டுக்கு ஒரு வேலை என்று சொன்ன கம்பெனி கைவிரித்துவிடுகிறது. அவர் மனம் உடைந்து சாகிறார். சாவுக்கு மாலையோடு வரும் ஆபீசரை அவருடைய மகள் எழுந்து நின்று கேள்வி கேட்கிறாள். அந்த மகள்தான் யமுனா. அவள் பேச வேண்டிய வரிகள் இவை:

"எங்க நைனா செத்துட்டாரு சார். நிலம் உங்க கையில. நைனா மண்ணுல. எனக்கு இன்னா சார் மிச்சம்?"

பாருங்கள், எழுதிவிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்பதாம் வகுப்பு ரூமில் ஒத்திகை. இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டு அதன் மேல் கிரண்குமார் செத்த அப்பாவாகப் படுத்திருப்பான். வகுப்பிலேயே நெட்டையன் அவன்தான். கால் பெஞ்சைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். கொசு கடித்தால் பிணம் காலைச் சொறிந்துகொள்ளும். சார் பிரம்பால் ஒரு தட்டு தட்டுவார். ஜன்னல் ஓரம் நோட்டுப் புத்தகத்தோடு காஞ்சனா என்றொருத்தி உட்கார்ந்திருப்பாள். வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அவளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

யமுனா எல்லாவற்றையும் சொல்லுவாள். நிலம் உங்க கையில என்பாள், நைனா மண்ணுல என்பாள், கேட்கிறவனுக்கு மயிர்க்கூச்செறியும். அதற்கு முன்னால் வரும் அந்த முதல் வரி வந்தால் மட்டும், வாயை இறுக்கி மூடிக்கொண்டு, "ம்." ஒரு விழுங்கு. அவ்வளவுதான்.

"இன்னாம்மா கஷ்டம் அதுல? மூணு வார்த்தை."

"மேடையில சொல்லிடறேன் சார்."

"இங்க வராதது அங்க எப்பிடி வரும்?"

"வரும் சார். சொல்லிடறேன்."

எட்டு நாள் ஒத்திகை. எட்டு நாளும் "ம்."

4

காரணம் சொல்கிறேன். யமுனாவின் நைனா ஹரிபாபு குவைத்தில் லாரி ஓட்டுகிறார். போய் இரண்டு வருஷம். அங்கே வெள்ளிக்கிழமை லீவு. அதனால் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் போன் வரும். யமுனா வெள்ளிக்கிழமைதோறும் ஸ்கூலுக்கு லேட். பிரேயர் முடிந்து முதல் பீரியட் பாதியில் வந்து வெளியே நிற்பாள். முட்டி போடச் சொன்னால் முட்டி போடுவாள். முகம் மட்டும் அப்போதுதான் பாயசம் துன்னு வந்தவள் மாதிரி இருக்கும்.

அம்மா ரத்னம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. காலனியில் ஒரு ரூம் வீடு. ரத்னம்மாவுக்குச் சாமி பயம் அதிகம் என்று எழுதினால் அவளைச் சின்னவளாக்கிவிடுவேன். அவளுடைய பயம் தனிப்பட்ட பயம் இல்லை, எங்கள் பக்கம் மொத்தத்துக்குமானது. தமிழ் வீடோ தெலுங்கு வீடோ, ததாஸ்து தேவதைகள் என்றால் எல்லோருக்கும் தெரியும். பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கீழே யார் எதைச் சொன்னாலும் 'ததாஸ்து', அப்படியே ஆகட்டும், என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். விளையாட்டுக்குச் சொன்னாயா, கோபத்தில் சொன்னாயா என்றெல்லாம் விசாரிக்கிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. அந்தி நேரத்தில் 'அரிசி இல்லை' என்று கத்திய பிள்ளைகள் எங்கள் ஊரில் வாய் மேலேயே வாங்கியிருக்கிறார்கள். 'அரிசி நிறைஞ்சிருக்கு' என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டில் கடன் கேட்கப் போக வேண்டும்.*

* இதை மூடநம்பிக்கை என்று என் எடிட்டர் அடிக்குறிப்புப் போடச் சொன்னார். ஏன் ஐயா, நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு கெட்ட வார்த்தை பேசுவீர்களா? மாட்டீர்கள் அல்லவா? அவ்வளவுதான் விஷயம்.

ஆண்டு விழா நாடகம் சரியாக ஆறு மணிக்கு. தேவதைகளின் டூட்டி டைம்.

"அந்த வரி இருந்தா நீ நடிக்கவே வேணாம்," என்று ரத்னம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். யமுனா அம்மாவிடம் வந்து, "சார் அந்த வரிய எடுத்துட்டாரும்மா," என்றாள். சாரிடம் போய், "மேடையில சொல்லிடறேன் சார்," என்றாள். இரண்டு பக்கமும் இரண்டு பொய். அவள் கெட்டிக்காரி. இரண்டு பேரும் சந்தித்துக்கொள்ளாத வரைக்கும் தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள். அந்த வேஷத்தை அவள் விடுவதாக இல்லை. ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. பரீட்சை முடிந்ததும் அவளும் ஐந்தரை மணிப் பஸ்ஸில் ஏறப்போகிறாள், அது முடிவாகியிருந்தது. அதற்கு முன்னால் ஊர் முழுக்க உட்கார்ந்திருக்க, ஒரு ஆபீசரை நிற்க வைத்து அவள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வேஷம் கட்டிய ஆபீசராக இருந்தாலும் சரி.

5

விழாவுக்கு முந்திய வாரம் வெள்ளிக்கிழமை போன் வரவில்லை.

யமுனா ஸ்கூலுக்கு மதியம்தான் வந்தாள். ஒத்திகையில் வசனம் எல்லாம் சரியாகச் சொன்னாள். அந்த இடத்தில் "ம்" கூடச் சரியாக வரவில்லை. வெறும் மூச்சு.

"டவர் இல்லாம இருக்கும்," என்றான் கிரண்குமார், பெஞ்சில் படுத்தபடியே. பிணத்திடமிருந்து ஆறுதல். அவள் சிரித்துவிட்டாள்.

அடுத்த வெள்ளியும் போன் வரவில்லை. மறுநாள் சனிக்கிழமை விழா. வெள்ளிக்கிழமை மதியமே, கேன்டீன் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல், ரத்னம்மா ஸ்கூலுக்கே வந்து நின்றாள். வரி இன்னும் நாடகத்தில் இருக்கிறது என்று யாரோ அவளிடம் போய்ச் சொல்லியிருந்தார்கள். (யார்? ஆறாம் பகுதி.)

"எம்பொண்ண வுட்டுடு சார்."

நாகபூஷணம் சாருக்கு வேர்த்துவிட்டது. மறுநாள் மண்டலக் கல்வி அதிகாரி முன்வரிசையில் உட்காரப் போகிறார். "அம்மா, வேணும்னா வார்த்தைய மாத்திடலாம். என் தந்தையார் இயற்கை எய்தினார்னு சொல்லட்டும். செந்தமிழ்ல சொன்னா கெட்டது மாதிரியே இருக்காது."

"அர்த்தம் ஒண்ணுதானே சார்?"

"அப்ப தெலுங்குல சொல்லட்டும்."

"ததாஸ்து சொல்றவங்களுக்குத் தெலுங்கு தெரியாதுன்னு யாரு சொன்னது உனுக்கு?"

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ரத்னம்மாவின் கண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவள் அழவில்லை. ஆனால் ஏழு நாளாகத் தூங்காதவள் என்று பார்த்தாலே தெரிந்தது. சார் பிரம்பை மேசையில் வைத்தார். "சரிம்மா. கூட்டிக்கினு போ," என்றார், எங்கள் பாஷையிலேயே.

யமுனா பையை எடுத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் போனாள். வாசலில் திரும்பி ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

சாரும் ஜன்னல் பக்கம் பார்த்தார். "காஞ்சனா, உனக்கு வசனம் வருமா?"

"வரும் சார்," என்றாள் காஞ்சனா. முதல் வரியையும் சேர்த்து, திக்காமல் திணறாமல் சொல்லிக் காட்டினாள்.

6

சொன்னபடி வந்துவிட்டேன். காஞ்சனா நான்தான்.

இவ்வளவு நேரம் 'காஞ்சனா என்றொருத்தி' என்று மூன்றாம் மனுஷி மாதிரி எழுதியது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படி எழுதியிருக்காவிட்டால் ஐந்தாம் பகுதி வரைக்கும் வந்திருக்க மாட்டேன்.

நாலு ஏக்கரை இழந்தது எங்கள் வீடு. நாடகத்தில் இல்லை, நிஜமாக. எங்க நைனா சம்பத் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். சார் நாடகத்துக்கு ஆள் எடுத்தபோது அந்த மகள் வேஷம் எனக்குத்தான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, உரிமை என்றே இருந்தேன். அவர் யமுனாவைக் கூப்பிட்டார். காலனிப் பெண். அவர்களுக்கு எந்தக் காலத்திலும் நிலமே கிடையாது. அவள் பாட்டனும் அம்மாவும் எங்கள் நிலத்தில் கூலிக்கு வந்தவர்கள். நிலம் போனதற்கு எங்களுக்காவது செக் வந்தது. அவர்களுக்குக் கூலியும் போய், ஒரு காகிதமும் வரவில்லை. இதெல்லாம் இப்போது தெரிகிறது. பதினைந்து வயதில் என் வயிறு எரிந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. எங்க நிலத்துக்கு அவ இன்னா அழறது?

அதனால் எட்டு நாளும் அவள் வசனத்தை நான் மனப்பாடம் செய்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து நின்றபோது, இறங்கிய ரத்னம்மாவிடம் போய், ரொம்ப நல்ல பிள்ளை மாதிரி, "அத்தே, அந்த வரிய சார் எடுக்கவே இல்ல, யமுனா உங்ககிட்ட பொய் சொல்லுது," என்றேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் எழுதாவிட்டால் இந்தக் கதை எழுதிப் பிரயோஜனம் இல்லை. அடுத்த நாள் காலை ஒன்பதரைக்கு, பிரேயரில் கண்ணை மூடி நிற்கும்போது, போன் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

7

(இந்தப் பகுதியில் நான் இல்லை. அவர்கள் வீட்டுக்குள் நடந்தது. யமுனா பின்னால் சொன்னதை வைத்து எழுதுகிறேன். இரண்டு இடத்தில் கொஞ்சம் அழகுபடுத்தினேன், அவள் கேட்டுவிட்டு அடிக்கச் சொல்லிவிட்டாள்.)

சனிக்கிழமை காலை. ரத்னம்மா காலையில் வேலைக்குப் போகவில்லை, மதியம் வருவதாகச் சொல்லியிருந்தாள். போன் அடுப்படி மாடத்தில், சார்ஜில். யமுனா வாசலில் உட்கார்ந்து யூனிபார்மைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு எதுக்குடி யூனிபாரம்?"

"நாடகத்துக்குப் போறேன்."

"காலை ஒடச்சிடுவேன்."

"நான் வாய மூடிக்கினு வூட்ல உக்காந்தா நைனா போன் பண்ணிடுவாரா?"

ரத்னம்மா மாடத்துப் போனை ஒரு தடவை பார்த்தாள். வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பண்ணுவாரு, பண்ணாம போவாரு. அது எனக்குத் தெரியாது. ஆனா நீ அத்த சொல்லிட்டு, அப்பால ஒண்ணு கெட்டது வந்துதுன்னா, நீ சொன்னதாலதான்னு நெனச்சிக்குவ. சாவற வரைக்கும் நெனச்சிக்குவ. யாரு சொன்னாலும் உன் மனசு கேக்காது. எனக்கு அந்தத் தேவதைங்க மேல பயம் இல்லடி. உன் மேலதான் பயம்."

யமுனா துணியைப் பிழிந்தாள். ரொம்ப நேரம் பிழிந்தாள்.

"ஏம்மா, அவங்க கெட்டது சொன்னாதான் ததாஸ்து சொல்வாங்களா?"

"இன்னா?"

"நல்லது சொன்னாலும் சொல்லணும்தானே?"

"சொல்லணும்," என்றாள் ரத்னம்மா. எங்கள் ஊரில் யாரும் இந்தப் பக்கத்திலிருந்து யோசித்ததே இல்லை. வாயை மூடத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். "அதுக்கு இன்னா இப்ப?"

"ஒண்ணுமில்ல," என்று யூனிபார்மை உதறிக் கொடியில் போட்டாள்.

"நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்," என்றாள் ரத்னம்மா.

8

முதல் பிரதியில் இந்தப் பகுதி இப்படி இருந்தது: "யமுனா வந்ததைப் பார்த்ததும் காஞ்சனாவின் கண்கள் கலங்கின. 'இது உன் வேஷம்டி,' என்று சேலையை அவிழ்த்து அவள் கையில்

பொய். பச்சைப் பொய். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. எழுதிப் பார்க்க எவ்வளவு இனித்தது தெரியுமா? அரைப் பக்கம் என் கண்ணிலேயே தண்ணீர் வந்தது.

நடந்தது இது. ஹெட்மாஸ்டர் ரூமில் நான் எங்க அம்மாவின் மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். முகத்தில் அரை டப்பா பவுடர். வெளியே மைக் செட்டுக்காரர் ஹலோ, ஹலோ என்று உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறார். யமுனா உள்ளே வந்தாள். ஈரம் முழுசாகக் காயாத யூனிபார்ம், ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய ஜடை.

"காஞ்சனா, சேலைய குடு."

"சார்தான் எனக்குக் குடுத்தாரு."

"நீதான் எங்கம்மாகிட்ட சொன்னியா?"

தோளில் இருந்த பின்னைக் கழற்றி, இன்னும் இறுக்கிக் குத்திக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள். வெளியே போய்விட்டாள்.

நாடகம் ஆரம்பித்தது. கம்பெனி வந்தது, கையெழுத்து நடந்தது, கிரண்குமார் முறையாகச் செத்தான், இரண்டு போர்வை கட்டிய திரை மூடித் திறந்தது. ஆபீசர் வேஷம் போட்ட யஸ்வந்த் மாலையோடு நிற்கிறான். மணி ஆறரை. வானம் செம்மண் நிறம். சார் என் முதுகைத் தொட்டு, "போம்மா," என்றார். நான் ஒரு காலைத் தூக்கினேன்.

அந்தப் பக்கத்துப் படியில் யமுனா ஏறிவிட்டாள்.

வேஷமில்லை, பவுடர் இல்லை, சேலை இல்லை. ஸ்கூலுக்கு வருகிற மாதிரியே நடந்து வந்து நடு மேடையில் மைக்குக்கு முன்னால் நின்றாள். கூட்டம் சலசலத்தது. ஏதோ அறிவிப்பு என்று நினைத்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். எம்பேரு யமுனா. டென்த் கிளாஸ். எங்க நைனா பேரு ஹரிபாபு. குவைத்துல லாரி ஓட்டறாரு. ரெண்டு வெள்ளிக்கிழமையா போன் வரல."

மண்டலக் கல்வி அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் "ஏமிட்டி இதி?" (என்ன இது?) என்று கேட்டது மேடை வரைக்கும் கேட்டது. செத்துப்போன கிரண்குமார் ஒரு கண்ணைத் திறந்தான்.

"எங்க நைனா உசுரோட இருக்காரு. நல்லா இருக்காரு. வூட்டுக்கு வருவாரு. இத்த நான் மொதல்ல சொல்லிட்டேன். இனிமே சொல்றதுதான் நாடகம்."

இங்கே கதையை ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த இடம் எனக்குப் புரிய வருஷக்கணக்கானது. செத்துட்டாரு என்பதைச் சொல்ல அவளுக்குத் தைரியம் வேண்டியிருந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அது வெறும் வசனம். சார் எழுதிக்கொடுத்தது. உசுரோட இருக்காரு என்பதை யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. அது உண்மையா என்று அவளுக்கே தெரியாது. தெரியாத ஒன்றை, ஊர் முழுக்கக் கேட்க, அந்த நேரத்தில், மைக்கில் சொல்கிறாள். பொய்யாகிப் போனால் அதை வசனம் மாதிரி மேடையிலேயே விட்டுவிட்டு வர முடியாது. அதைத் தெரிந்துகொண்டே சொன்னாள். அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இருந்த நெஞ்சு எனக்கு இன்றைக்கும் இல்லை.

மைதானத்தின் பின்னால், காம்பவுண்டுச் சுவர் ஓரம், ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்த பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"இருக்காரும்மா."

ரத்னம்மா. வரமாட்டேன் என்றவள். உடனே பக்கத்தில் இருந்தவர்கள், "இருக்காரு, இருக்காரு," என்றார்கள். முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சொன்னார்கள். ஆம்பிளைகள் சொன்னார்கள். பெரியவீட்டுக்காரர்களும் காலனிக்காரர்களும் ஒரே வாயாக ஒன்றைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். கிரண்குமார் படுத்தபடியே சொன்னான். நாகபூஷணம் சார் என் பக்கத்தில் நின்று, "உன்னாடம்மா, உன்னாடு," என்று தெலுங்கில் சொன்னார்.

நான் சொல்லவில்லை. சேலைப் பின்னைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றேன்.

யமுனா தலையை ஆட்டினாள், போதும் என்பது மாதிரி. கிரண்குமார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் தலையைத் தொட்டாள். அப்புறம் எழுந்து, ஆபீசரைப் பார்த்து, எட்டு நாளும் யாரும் கேட்காத அந்த வரியைச் சொன்னாள்.

"எங்க நைனா செத்துட்டாரு சார்."

யஸ்வந்த் கையிலிருந்த மாலை கீழே விழுந்தது. அது நாடகத்தில் இல்லை. அவனுக்கு அடுத்த வசனம் மறந்துவிட்டது. எடுத்துக் கொடுக்க வேண்டியவள் நான், எனக்கும் வாய் வரவில்லை. அவள் கேட்டாள், "எனக்கு இன்னா சார் மிச்சம்?" ஆபீசர் பதில் சொல்லாமலே நின்றான். அதுவே சரியான பதிலாக அமைந்துவிட்டது. மண்டலக் கல்வி அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். நாடகத்தின் கருத்தா, அவள் துணிச்சலா, எதற்குத் தட்டினார் என்று தெரியாது.

9

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது. கேம்ப் மாற்றிவிட்டார்கள், பாலைவனத்தில் டவர் இல்லை. ரத்னம்மா அழுகிறாள், யமுனா சிரிக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படி முடித்தால் நான் பிரேயரில் வேண்டிக்கொண்டது ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. எனக்கு வசதியான முடிவு. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

(ஆ) திங்கட்கிழமை, குவைத்துக்கு ஆள் அனுப்பும் சூளூர்பேட்டை ஏஜென்ட் யமுனா வீட்டு வாசலில் பைக்கை நிறுத்துகிறான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

(இ) போனும் வரவில்லை, ஏஜென்டும் வரவில்லை. வெள்ளிக்கிழமைகள் மட்டும் வந்துகொண்டிருக்கின்றன. இலக்கியத்துக்கு இது பொருத்தம் என்பார்கள். காத்திருக்கிறவளிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். எழுதலாமா என்று கேட்பதற்காக, போன மாதம் யமுனாவுக்குப் போன் செய்தேன். இப்போது அவள் கம்பெனியில் ஒரு லைனுக்கு சூப்பர்வைசர். நூற்றிருபது பேர் அவள் சொன்னால் கேட்கிறார்கள். இந்தக் கதையை முதலிலிருந்து படித்துக் காட்டினேன். ஆறாம் பகுதியில் என் குரல் இறங்கிவிட்டது.

"தெரியும்டி," என்றாள். "எட்டு நாளும் உன் வாய் அசைஞ்சிக்கினே இருக்கும், ஜன்னலாண்ட. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

"பிரேயர்ல வேண்டிக்கினதுகூடவா தெரியும்?"

லைனில் மெஷின் சத்தம் மட்டும் வந்தது. "அது தெரியாது," என்றாள். "இப்பதான் தெரியும்."

"மன்னிச்சிடு யமுனா."

"பாக்கலாம்," என்றாள். இல்லை என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எனக்கு அதுவே அதிகம்.

"கடைசில இன்னா ஆச்சுன்னு எழுதட்டுமா?"

"வேணாம்," என்றாள், உடனே. "நிலம் உங்களுது. எழுதிக்க. நாடகம் நம்ம எல்லாருது. அத்தயும் எழுதிக்க. அடுத்து வந்த வெள்ளிக்கிழமை எங்க வூட்டுது. அத்த நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"படிக்கிறவங்க கேப்பாங்களே?"

"கேட்டா இன்னா? நம்ம ஊரு ஜனம் கேட்டுச்சா? இருக்காரா இல்லியான்னு ஒருத்தர் கேக்கல. இருக்காருன்னு சொன்னாங்க. அது போதும்னு சொல்லு."

10

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இருந்தாலும் கொடுக்கும் உரிமை இல்லை.

மேடையிலிருந்து இறங்கியதும் அவள் நேராகச் சுவர் ஓரம் போனாள். ரத்னம்மா அவளை அடிக்கவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. சாப்பாட்டுப் பையைத் திறந்து, கேன்டீனில் மிச்சம் எடுத்துவைத்த இரண்டு சப்பாத்தியைக் கொடுத்து, "துன்னு," என்றாள். அவள் நின்றபடியே சாப்பிட்டாள். சுற்றி நின்றவர்கள் அந்த வார்த்தையை இன்னும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மைதானத்தில் அன்றைக்குச் சொல்லாமல் நின்றவள் நான் ஒருத்திதான். இவ்வளவு வருஷம் கழித்துச் சொன்னால் சேருமா என்று யமுனாவிடம் கேட்டேன். "சொல்லிப் பாரு, சேந்தா சேரட்டும்," என்று போனை வைத்துவிட்டாள். அதற்காகத்தான் இத்தனை பக்கம். வெளியே இப்போது பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன்.

ஹரிபாபு உசுரோட இருக்காரு. நல்லா இருக்காரு. வூட்டுக்கு வருவாரு.

நான் சொல்லிவிட்டேன். அடுத்து நீங்கள்.